ஸ்பிரிட்டில் மிஞ்சும் கடைசித் தண்ணீர்

நீண்ட பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெட்ரோலை வைத்து ஒரு பெரிய வாக்குவாதம். "பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், மழைக்காலத்தில் டேங்குக்குள் தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடுமாம்" என்றார் ஒருவர். "எத்தனாலிலேயே தண்ணீர் இருக்கும், அதைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள்" என்றார் இன்னொருவர். அதே வாரம், ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பழைய மாணவன் போனில் பேசினான். "டீச்சர், கரைப்பானில் இருக்கிற தண்ணியை எடுக்க இப்ப நாங்க காய்ச்சி வடிக்கிறதே இல்ல. ஒரு சவ்வு வழியா விடறோம், தண்ணி மட்டும் ஆவியாகி அந்தப் பக்கம் போயிடுது" என்றான். அவன் சொன்ன முறையின் பெயர் பெர்வேப்பரேஷன். தமிழில் 'சவ்வூடு ஆவியாதல்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்த இரண்டு பேச்சும் ஒரே கதையின் இரண்டு முனைகள். அந்தக் கதைக்கு வயது 250 ஆண்டுகளுக்கு மேல். அதில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வருகிறார், ஒரு ஜெர்மன் மருத்துவர் வருகிறார், ஒரு ஆய்வக உதவியாளர் வருகிறார், சௌரிராஜன் என்று நம் வாய்க்குப் பழகிய பெயருள்ள ஒரு விஞ்ஞானியும் வருகிறார்.

முதலில் பழைய பாடம். ஏழாம் வகுப்பில் கலவைகளைப் பிரித்தல் நடத்தியிருக்கிறேன். உப்புநீரைக் காய்ச்சினால் உப்பு தங்கும், நீர் ஆவியாகிப் போகும். இரண்டு திரவங்கள் கலந்திருந்தால் காய்ச்சி வடித்தல். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், எனவே ஆல்கஹால் முதலில் ஆவியாகி வரும். இதுவரை சரி.

ஆனால் எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் சுத்தமான எத்தனால் கிடைக்காது. எடையில் ஏறக்குறைய 95.6 சதவீதம் எத்தனால், 4.4 சதவீதம் தண்ணீர் என்ற இடத்தில் அந்த வேலை நின்றுவிடும். அந்தக் கலவை 78.2 டிகிரியில் கொதிக்கிறது. சுத்த எத்தனாலோ 78.4 டிகிரியில். அதாவது கலவைதான் முதலில் கொதிக்கிறது. அந்த நிலையில் மேலே எழும் ஆவியிலும் கீழே இருக்கும் திரவத்திலும் தண்ணீர் ஒரே விகிதத்தில்தான் இருக்கும். அப்புறம் எதைப் பிரிப்பது? ஆயிரம் தடவை வடித்தாலும் அதே 95.6 தான். இதைப் பாடநூல்களில் கொதிநிலை மாறாக் கலவை என்பார்கள். ஆஸ்பத்திரியிலும் ஆய்வகத்திலும் 'ரெக்டிஃபைடு ஸ்பிரிட்' என்று பாட்டிலில் எழுதியிருக்குமே, அது இந்த எல்லைக்கு அருகில் நின்றுபோன சரக்குதான்.

செந்தண்ணீர்புரத்தில் டிஸ்டில்லரி இருப்பது திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். கரும்பு ஆலைகளில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸ் என்ற கறுத்த பாகைப் புளிக்க வைத்துத்தான் இப்படிப்பட்ட ஆலைகளில் ஆல்கஹால் எடுக்கிறார்கள். புளித்த பாகில் ஆல்கஹால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதிலிருந்து 95 வரை ஏறுவதற்குக் கோபுரம் போன்ற வடிகலன்கள் போதும். கடைசி நான்கைந்து சதவீதத் தண்ணீர்தான் மனிதனை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அலைக்கழித்தது.

அதை எடுக்க என்னவெல்லாம் செய்தார்கள்?

சுட்ட சுண்ணாம்பைப் போட்டுப் பார்த்தார்கள். சுண்ணாம்புக் காளவாயிலிருந்து வந்த கல்லில் தண்ணீர் ஊற்றினால் எப்படிக் கொதித்து நீரை இழுத்துக்கொள்ளும் என்பது, வீட்டுக்கு வெள்ளையடித்துப் பார்த்த தலைமுறைக்குத் தெரியும். அதே இழுப்பு ஸ்பிரிட்டில் உள்ள தண்ணீரிடமும் நடக்கும். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் லோவிட்ஸ் என்ற வேதியியலாளர் 1796ல் தண்ணீர் இல்லாத ஆல்கஹாலை எடுத்துக் காட்டினார். ஆய்வகத்துக்கு இதெல்லாம் சரி. ஆலைக்கு? ஆயிரக்கணக்கான லிட்டருக்குச் சுண்ணாம்பைப் போட்டு, பிறகு அந்தச் சுண்ணாம்புச் சேற்றை எங்கே கொட்டுவது?

1902ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் சிட்னி யங் என்ற பேராசிரியர் ஒரு வழி கண்டுபிடித்தார். பென்சீனைச் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். பென்சீன், தண்ணீர், ஆல்கஹால் மூன்றும் சேர்ந்த கலவை 65 டிகிரிக்குக் கீழேயே கொதித்துத் தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்விடும். அடியில் தண்ணீரற்ற ஆல்கஹால் நிற்கும். புத்திசாலித்தனமான வழி. உலகம் முழுவதும் பல பத்தாண்டுகள் ஆலைகளில் இதுதான் நடந்தது.

ஆனால் பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் அதை வைத்திருக்கிறது. இது தெரியவருவதற்கு முன் எத்தனை தொழிலாளிகள் அந்த இனிப்பு வாடையை மூச்சில் இழுத்திருப்பார்கள்! என் வகுப்பில் படித்த ஒரு பையனின் அப்பா வெளியூரில் ஒரு கரைப்பான் ஆலையில் வேலை பார்த்தவர். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் சட்டையில் அந்த வாடை இருக்கும். "பழகிப்போச்சு டீச்சர், சோறு திங்கும்போதுகூட இதே வாசனைதான்" என்று சிரிப்பார். கையுறையும் கிடையாது, முகமூடியும் கிடையாது. தண்ணீரை எடுப்பது எப்படி என்ற கேள்வி எனக்கு வெறும் பாடமாக இல்லாமல் போனதற்கு அந்தச் சட்டை வாடையும் ஒரு காரணம்.

சரி, சவ்வுக்கு வருவோம். இதற்கு 1748க்குப் போக வேண்டும்.

பாரிஸில் ழான் அந்த்துவான் நொல்லே என்று ஒரு பாதிரியார் இருந்தார். அறிவியலைக் கூட்டம் கூட்டிச் செய்து காட்டுவதில் மன்னர். மன்னர் முன்னிலையில் 180 காவலர்களைக் கைகோத்து நிற்கவைத்து, மின்சாரத்தைப் பாய்ச்சி, அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் துள்ளவைத்தவர். அவர் திரவங்கள் கொதிப்பதைப் பற்றிய ஆராய்ச்சியில் இருந்தபோது, ஒரு சிறு குப்பியில் ஒயின் ஸ்பிரிட்டை நிரப்பி, வாயை விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டி, காற்றுப் படாமல் இருக்கட்டும் என்று தண்ணீருக்குள் மூழ்க வைத்தார். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் தோல் மேலே உப்பி நின்றது. ஊசியால் குத்தினார். உள்ளிருந்த திரவம் பீய்ச்சி அடித்தது. வெளியே இருந்த தண்ணீர் தோல் வழியே உள்ளே போயிருக்கிறது. ஆல்கஹால் அந்த அளவுக்கு வெளியே வரவில்லை.

நல்ல ஆராய்ச்சியாளர் அதோடு விடமாட்டார். நொல்லே மாற்றிச் செய்து பார்த்தார். உள்ளே தண்ணீர், வெளியே ஸ்பிரிட். இப்போது தோல் உள்வாங்கியது. ஆக, இந்தத் தோல் தண்ணீருக்கு எளிதில் வழி விடுகிறது, ஆல்கஹாலுக்கு அவ்வளவு எளிதில் விடவில்லை. சவ்வூடு பரவல் என்று நாம் பத்தாம் வகுப்பில் படித்ததன் முதல் பதிவு இது.

நம்மூர்க் கணக்கில் அது எந்தக் காலம் தெரியுமா? அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து, 1752ல், ழாக் லா தலைமையிலான பிரெஞ்சுப் படை நம் ஸ்ரீரங்கம் தீவில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. மலைக்கோட்டையைச் சுற்றிப் பீரங்கி முழங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே பிரெஞ்சு தேசத்தில் ஒருவர் குப்பியின் வாயில் தோலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரலாற்றுப் புத்தகத்தில் படையெடுப்புக்கு ஒரு அத்தியாயம் இருக்கும். குப்பிக்கு ஒரு வரிகூட இருக்காது.

அடுத்தவர் சாமுவேல் தாமஸ் சோமரிங். உடற்கூறியல் மருத்துவர். மூளையிலிருந்து புறப்படும் நரம்புகளைப் பன்னிரண்டு இணைகளாக வகுத்தவர் இவர்தான். 1809ல் மியூனிக்கில் மின்சாரத் தந்திக் கருவி ஒன்றைச் செய்து காட்டியவரும் இவர்தான். உடற்கூறு மருத்துவர் என்பதால் உறுப்புகளை ஆல்கஹாலில் போட்டு, பாட்டில் வாயைத் தோலால் கட்டி வைப்பது அவருடைய அன்றாட வேலை. 1811ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் கவனித்தது இதுதான். விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலால் மூடி வைத்த ஸ்பிரிட், நாளாக ஆக அளவு குறைகிறது, ஆனால் வீரியம் கூடுகிறது!

யோசித்துப் பாருங்கள். திறந்து வைத்த ஸ்பிரிட் பாட்டிலில் எது முதலில் பறக்கும்? ஆல்கஹால்தான். நாள் ஆக ஆக மிஞ்சுவது நீர்த்துப் போகும். தோலால் மூடியதில் தலைகீழாக நடக்கிறது. எளிதில் ஆவியாகும் ஆல்கஹால் உள்ளே நிற்கிறது, ஆவியாகச் சோம்பல்படும் தண்ணீர் வெளியே போகிறது. என் பழைய மாணவனின் தொழிற்சாலையில் இன்று நடப்பதும் இதுவேதான். நெருப்பில்லை, பென்சீன் இல்லை, சுண்ணாம்பு இல்லை.

ஏன் இப்படி? இதற்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டாம். மிருதங்கமும் தவிலும் வாசிக்கும் வீடுகள் நம்மில் உண்டு. மழைக்காலத்தில் தோல் தொய்ந்துவிடும், வாரை இழுத்துச் சுருதி சேர்க்க வேண்டும். வெயிலில் வைத்தால் மறுபடி முறுக்கேறும். தோல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கிறது, பிறகு விடுகிறது. அதன் இழைகளுக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு ஒட்டுதல். ஸ்பிரிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் தோலின் உட்புறம் தண்ணீரைத் தேடிக் குடிக்கிறது, அது தோலுக்குள் ஊர்ந்து வெளிப்புறம் வருகிறது, அங்கே காய்ந்த காற்றில் ஆவியாகிறது. குடித்தல், ஊர்தல், ஆவியாதல். மூன்றே படிகள். இன்றைய சவ்வுக்கும் இதே மூன்று படிகள்தான்.

"மண்பானையும் அப்படித்தானே டீச்சர் கசிகிறது?" என்று கேட்பீர்கள். இல்லை. மண்பானையில் இருப்பது துளை. அதற்குத் தண்ணீர், ஸ்பிரிட் என்ற பாகுபாடு தெரியாது, இரண்டையும் விடும். சவ்வில் கண்ணுக்குத் தெரியும் துளை இல்லை. எதைத் தன்னுள் கரைத்துக்கொள்கிறதோ அதற்கு மட்டும் வழி. வடிகட்டிக்கும் சவ்வுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை சுலபம்.

சோமரிங் கண்டதற்கு ஒரு பெயர் கிடைக்க இன்னும் நூறு ஆண்டுகள் ஆனது. 1917ல் அமெரிக்காவில் பிலிப் கோபர் என்ற வேதியியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். கொலோடியன் என்ற பொருளால் செய்த பையில் திரவத்தை நிரப்பி, வாயை இறுகக் கட்டிக் காற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். பை மூடியே இருந்தும் உள்ளிருந்த திரவம் குறைந்துகொண்டே போனது. இதை முதலில் பார்த்தவர் கோபர் இல்லை, அவருடைய உதவியாளர் எபர்லைன். அதைக் கோபர் தன் கட்டுரையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பெர்வேப்பரேஷன் என்ற பெயரும் அந்தக் கட்டுரையில்தான் பிறந்தது.

மாணவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பை ஒழுகவில்லை, ஆனால் குறைகிறது. பத்துப் பேர் பார்த்தால் ஒன்பது பேர் "கட்டு சரியில்லை" என்று இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார்கள். எபர்லைன் போய்ச் சொன்னார். கோபர் காது கொடுத்தார். கீழே வேலை செய்பவர் பார்த்ததை மேலே இருப்பவர் கேட்டதால்தான் ஒரு முறைக்குப் பெயர் வந்தது. உங்களில் பலர் இன்று மேலாளர்கள், கண்காணிப்பாளர்கள். அதனால் சொல்கிறேன்.

பெயர் வைத்தும் ஆலைக்குள் நுழைய இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. காரணம் இரண்டு. ஒன்று, எரிபொருள் மலிவாக இருந்தது. காய்ச்சி வடிக்க நிலக்கரியும் எண்ணெயும் கொட்டிக் கிடக்கும்போது சவ்வைத் தேடுவார் யார்? அமெரிக்கன் ஆயில் நிறுவனத்தில் பின்னிங் என்பவரும் அவருடைய குழுவினரும் 1950களின் இறுதியிலிருந்து பிளாஸ்டிக் படலங்களைக் கொண்டு நிறைய ஆய்வு செய்தார்கள். ஆய்வு நன்றாக வந்தது, ஆலை வரவில்லை.

இரண்டாவது காரணம், சவ்வு மிகவும் தடிமன். தடிமனாக இருந்தால் தண்ணீர் ஊர்ந்து வெளியே வர நாள் கணக்காகும். மெலிதாக்கினால் கிழிந்துவிடும். இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவர்தான் ஸ்ரீனிவாச சௌரிராஜன். சௌரிராஜன் என்பது திருக்கண்ணபுரம் பெருமாளின் திருநாமம் என்பதை ஸ்ரீரங்கத்து உறவினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இவரும் சிட்னி லோப் என்பவரும் சேர்ந்து, 1960ஐ ஒட்டி, செல்லுலோஸ் அசிட்டேட்டில் ஒரு புது வகைச் சவ்வு செய்தார்கள். மேலே மிக மிக மெல்லிய தோல், அடியில் அதைத் தாங்கும் பஞ்சு போன்ற தடித்த பகுதி. வேலை செய்வது மேல்தோல், பாரம் தாங்குவது அடிப்பகுதி. பாலாடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடை மெலிது, அதைத் தாங்குவது பால்.

கடல்நீரையும் உப்புநீரையும் குடிநீராக்கத்தான் அவர்கள் அதைச் செய்தார்கள். 1965ல் கலிஃபோர்னியாவில் கோலிங்கா என்ற சிற்றூருக்கு அந்த முறையில் குடிநீர் கிடைத்தது. இன்று தில்லை நகரில் வீட்டுக்கு வீடு சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. இயந்திரம் அந்தச் சவ்வின் வழித்தோன்றல். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைச் சென்னைக்குக் குடிநீராக்கும் ஆலைகளும் அப்படித்தான். சௌரிராஜன் பிறகு கனடாவின் ஒட்டாவாவில் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார். நம் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

"அப்படியானால் அதே ஆர்.ஓ.வில் ஸ்பிரிட்டை ஊற்றினால் போதாதா?" போதாது. ஆர்.ஓ.வில் தண்ணீரை அழுத்தம் கொடுத்துத் தள்ளுகிறோம். ஸ்பிரிட் இவ்வளவு செறிவாக இருக்கும்போது, கடைசித் தண்ணீரைத் தள்ளி வெளியேற்றத் தேவைப்படும் அழுத்தத்தை எந்தச் சவ்வும் தாங்காது. ஆகவே தள்ளுவதற்குப் பதில் இழுக்க வேண்டும். சவ்வின் மறுபக்கத்தில் வெற்றிடம். வந்துசேரும் தண்ணீர் உடனே ஆவியாகிறது, அந்த ஆவியைக் குளிர்வித்துப் பிடித்துவிடுகிறார்கள். சோமரிங்கின் பாட்டிலில் காய்ந்த காற்று செய்த வேலையை ஆலையில் வெற்றிடம் செய்கிறது.

1973லும் 1979லும் எண்ணெய் விலை உலகை உலுக்கியது. அப்போதுதான் எரிபொருளைச் சேமிக்கும் வழி தேடி எல்லோரும் ஓடினார்கள். ஜெர்மனியில் ஜி.எஃப்.டி. என்ற சிறு நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் ஒரு சவ்வைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மேல்தோல் பாலிவினைல் ஆல்கஹால். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நூல் மில்களில் பாவு நூலுக்குக் கஞ்சி போடவும் பசை தயாரிக்கவும் பயன்படும் அதே பொருள்தான். தண்ணீரை விரும்பிக் குடிக்கும் குணம் அதற்கு உண்டு. அந்த மேல்தோலின் தடிமன் ஓரிரு மைக்ரான், அதாவது நம் தலைமுடியின் தடிமனில் சில பத்தில் ஒரு பங்கு. அதைத் தாங்க அடியில் இன்னும் இரண்டு அடுக்குகள். லோபும் சௌரிராஜனும் காட்டிய வழியேதான்.

1988ல் பிரான்ஸின் பெத்தேனிவில் என்ற ஊரில் சர்க்கரைக் கிழங்கிலிருந்து ஆல்கஹால் எடுக்கும் ஆலையில் நாளொன்றுக்கு 1,50,000 லிட்டரைத் தண்ணீரற்றதாக்கும் சவ்வு நிலையம் ஓடத் தொடங்கியது. நொல்லேயின் குப்பியிலிருந்து அங்கு வர 240 ஆண்டுகள். இரண்டும் அதே நாட்டில். 1990களின் கடைசியில் ஜப்பானியர்கள் சியோலைட் என்ற கனிமத்தால் சவ்வுக் குழாய்கள் செய்து, இன்னும் அதிகச் சூட்டிலும் வேலை செய்யவைத்தார்கள்.

இதில் மிச்சம் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஸ்லேட்டை எடுங்கள். 100 கிலோ ஸ்பிரிட், அதில் 5 கிலோ தண்ணீர், 95 கிலோ எத்தனால். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வெப்பம். 5 கிலோவுக்கு 11,300. ஒரு கிலோ எத்தனாலை ஆவியாக்க ஏறக்குறைய 840 கிலோஜூல். 95 கிலோவையும் ஒரே ஒரு முறை ஆவியாக்கினாலும் 79,800. ஏழு மடங்கு! வேண்டாத 5 கிலோவை விரட்ட வேண்டிய 95 கிலோவைக் கொதிக்கவைப்பது, வீட்டில் ஒரு எலியைப் பிடிக்க எல்லாச் சாமான்களையும் தெருவில் இறக்குவது போல. சவ்வு எலியை மட்டும் வெளியே விடுகிறது. வெற்றிடப் பம்புக்கும் குளிர்விப்பதற்கும் மின்சாரம் வேண்டும், சவ்வைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கொஞ்சம் ஆல்கஹாலும் தண்ணீரோடு போகும். அதையெல்லாம் கழித்தும் பல இடங்களில் லாபம்தான்.

இனி இந்தியா. பெட்ரோலில் ஆல்கஹால் கலப்பது புதுச் சங்கதி இல்லை. 1948லேயே இதற்கென்று பவர் ஆல்கஹால் சட்டம் ஒன்று இருந்தது. 2003ல் ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கியபோது தமிழ்நாடும் அதில் ஒன்று. 2018ல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. 2022ல் 10 சதவீதத்தை எட்டினோம், 2025ல் 20.

நம் குழுவில் நடந்த வாக்குவாதத்துக்கு இங்கே பதில். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் 99.5 சதவீதத்துக்கும் மேல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது கொதிநிலை மாறாக் கலவை என்ற அந்தச் சுவரைத் தாண்டிய சரக்கு. எனவே எத்தனாலோடு தண்ணீரைச் சேர்த்து நம் தலையில் கட்டுகிறார்கள் என்பது சரியில்லை. ஆனால் மற்றவர் சொன்னதிலும் உண்மை உண்டு. எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் பிரியம் போகாது. டேங்குக்குள் மழைநீர் இறங்கினால் முதலில் அதைக் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். வண்டி நின்றுவிடும். ஆகவே மூடியின் ரப்பர் வாஷரைப் பாருங்கள், மழையில் வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தாதீர்கள். மாப்பிள்ளை, இது உங்களுக்குத்தான்!

நம் நாட்டு எத்தனால் ஆலைகளில் இன்று பெரும்பாலும் கடைசித் தண்ணீரை எடுப்பது சவ்வு இல்லை, மூலக்கூறு சல்லடை. 3 ஆங்ஸ்ட்ராம் துளையுள்ள சியோலைட் மணிகள். தண்ணீர் மூலக்கூறு அதற்குள் நுழையும், எத்தனால் நுழையாது. இரண்டு கோபுரங்கள், ஒன்று தண்ணீரைப் பிடிக்கும்போது மற்றது பிடித்ததை விட்டுக் காயும். ஒரே சரக்கை இரவு பகலாக ஓட்டும் பெரிய ஆலைக்கு இது தோதானது. பென்சீன் வழி பின்னுக்குப் போனதற்கு இந்த மணிகளும் முக்கியக் காரணம்.

சவ்வுக்குத் தனி இடம் எங்கே என்றால் மருந்து, சாயம், பூச்சுத் தொழிற்சாலைகளில். அங்கே இன்று ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நாளை எத்தில் அசிட்டேட், அடுத்த வாரம் வேறொன்று. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எடையில் ஏறக்குறைய 88 சதவீதத்திலேயே முட்டி நின்றுவிடும். மிச்சம் 12 சதவீதம் தண்ணீர். ஈரமான கரைப்பானை என்ன செய்வது? எரிக்கலாம். குறைந்த விலைக்குத் தள்ளலாம். மனசாட்சி இல்லாதவர்கள் இரவோடு இரவாக ஓடையில் விடலாம். தண்ணீரை எடுத்துவிட்டால் அதே கரைப்பானை மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். அங்கேதான் இந்தச் சவ்வின் உண்மையான மதிப்பு.

ஹைதராபாத்தில் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் எஸ். ஸ்ரீதர் குழுவினரும், தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் அமினபாவி குழுவினரும் இப்படிப்பட்ட சவ்வுகளில் நிறைய உழைத்திருக்கிறார்கள். அவர்கள் கையாண்ட பொருள்களைப் பார்த்தால் நமக்கு நெருக்கமாக இருக்கும். ஒன்று கைட்டோசான், இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுப்பது. மற்றொன்று ஆல்ஜினேட், பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிக் கட்டக்கோரைப் பாசி சேகரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆல்ஜினேட் கிடைப்பது அந்த இனப் பாசியிலிருந்துதான். சிறுநீர்ப்பைத் தோலில் தொடங்கிய கதை, மீண்டும் உயிர்ப்பொருளிடமே வந்து நிற்கிறது.

ஏன் இதையெல்லாம் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் இவ்வளவு நீளமாக எழுத வேண்டும்? நாம் காவிரிக்குக் கீழ்மடையில் இருப்பவர்கள். நொய்யலில் திருப்பூர்ச் சாயம் ஓடியது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, நொய்யல் கலப்பது காவிரியில், காவிரி வருவது முக்கொம்புக்கு. 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. பிறகு அந்த ஆலைகள் கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்த நம்பியதும் சவ்வைத்தான். மேலே ஒரு ஆலை தன் கரைப்பானைத் திரும்ப எடுக்கிறதா, ஓடையில் விடுகிறதா என்பது அந்த ஆலைக்கு வரவுசெலவுக் கணக்கு. கீழே இருக்கும் நமக்குக் குடிதண்ணீர். வழி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. வழி இருக்கிறது, 1988லிருந்து ஆலை அளவில் ஓடுகிறது. செலவு செய்ய மனம் வேண்டும், கேட்க மக்கள் வேண்டும்.

இந்த வரலாற்றில் நான் கண்டது ஒன்று. நொல்லே, சோமரிங், எபர்லைன் மூவரும் இதைத் தேடிப் போகவில்லை. வேறு வேலையாக இருந்தபோது எதிரே வந்தது. தோல் ஏன் உப்பியது, ஸ்பிரிட் ஏன் வீரியமானது, கட்டிய பை ஏன் வற்றியது என்று நின்று கேட்டார்கள், அவ்வளவுதான். கண்டுபிடிப்புக்குப் பணம் கொடுக்க உலகம் தயாராக 170 ஆண்டுகள் ஆகலாம், 240 ஆண்டுகளும் ஆகலாம். அதற்காகக் கவனிப்பவர் கவனிக்காமல் இருக்கக் கூடாது.

மருந்து ஆலை, சர்க்கரை ஆலை, டிஸ்டில்லரி, சாய ஆலை எதிலாவது வேலை பார்க்கும் என் மாணவர்கள் கீழே எழுதுங்கள். உங்கள் இடத்தில் கடைசித் தண்ணீரை எப்படி எடுக்கிறீர்கள்? எடுத்த தண்ணீர் எங்கே போகிறது? கம்பெனி பெயர் வேண்டாம், முறை மட்டும் போதும். வாத்தியார் வேலையில் இருப்பவர்கள் இந்தப் பதிவை வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாம், அனுமதி கேட்க வேண்டாம். ஒரு சின்ன வீட்டுப்பாடமும் உண்டு. மண்பானைக்கும் மிருதங்கத் தோலுக்கும் என்ன வித்தியாசம் என்று உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைத் திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்புங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.